பாடும் தவணையும்: ஏரிக்கரையிலிருந்து கல்விக் கடனின் கதை

பழவேற்காடு என்றதும் வரலாற்று ஆர்வலர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது டச்சுக் கல்லறைத் தோட்டம்தான். எலும்புக்கூடு செதுக்கப்பட்ட அந்த நுழைவாயிலைப் படம் பிடிக்காமல் திரும்பி வந்தவர்களை நாம் கண்டதில்லை. 1613இல் எழுந்து, 1690 வரை சோழமண்டலக் கரையில் டச்சுக்காரர்களின் தலைமையிடமாக விளங்கிய கெல்டிரியாக் கோட்டை இன்று புதர் மண்டிக் கிடக்கிறது. கோட்டை போயிற்று, கோட்டை என்னும் சொல்லைப் பெயரில் தாங்கிய கோட்டைக்குப்பம் இருக்கிறது. ஏரியை நம்பி வாழும் மீனவர் ஊர்.

கல்லறைகளைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். நாம் இங்கே எடுத்துக்கொள்வது கடனை; அதிலும் குறிப்பாகப் பிள்ளைகளின் கல்லூரிப் படிப்புக்காக வங்கியில் வாங்கி, பட்டம் பெற்றுப் பல ஆண்டுகள் சென்ற பின்னும் அடைத்துத் தீராத கல்விக் கடனை. அதற்கும் ஏரிக்கும் என்ன தொடர்பு என்று வாசகர் கேட்கலாம். முன்பணம் என்னும் ஒன்று இக்கரையில் நானூறு ஆண்டுகளாக வேறு வேறு வேடங்களில் வந்துகொண்டிருக்கிறது. அந்த வரிசையில் கடைசியாக வந்தது கல்விக் கடன் என்பது நம் எண்ணம்.

முதல் வேடம் துணி. டச்சுக் கம்பெனி பழவேற்காட்டில் வாங்கியது பெரும்பாலும் நெசவுத் துணிதான். (பழையகாட் லுங்கி என்ற பெயர் இன்றும் அந்த நினைவைச் சுமக்கிறது.) கம்பெனி துணிக்கான பணத்தை வணிகரிடம் முன்கூட்டியே கொடுக்கும்; வணிகர் அதைப் பிரித்து நெசவாளர்க்குக் கொடுப்பார்; நெசவாளர் நூல் வாங்கித் தறியில் ஏற்றுவார். கப்பல் புறப்படும் பருவத்துக்குள் துணி வந்தாக வேண்டும். மழை பொய்த்து அரிசி விலை ஏறினால் நெசவாளர் முன்பணத்தில் உண்டுவிட்டு ஊரைவிட்டுப் போவதும், கம்பெனிக் கணக்கில் அது வாராக் கடனாக நிற்பதும் வழக்கமாயின. பஞ்ச காலங்களில் மனிதர் தம்மையும் தம் பிள்ளைகளையும் விற்றுக்கொண்டார்கள். 17ஆம் நூற்றாண்டில் பழவேற்காட்டிலிருந்து படேவியாவுக்குத் துணி மட்டும் போகவில்லை. அடிமைகளும் ஆயிரக்கணக்கில் போனார்கள். கல்லறையின் சிற்பங்களை வியப்போர் இதையும் நினைவில் வைக்கலாம்.

இரண்டாம் வேடம் இறால். ஏரி மீனவர் வலைக்கும் படகுக்கும் இயந்திரத்துக்கும் வியாபாரியிடம் முன்பணம் வாங்குவார். பிடித்ததை அவருக்கே கொடுப்பார். விலையில் கொஞ்சம் குறையும். அந்தக் குறைவுதான் வட்டி. முதலைத் திருப்பித் தரவேண்டிய தேதி என்று ஒன்று பெரும்பாலும் இராது. திருப்பித் தருவதை வியாபாரி விரும்புவதும் இல்லை, தந்துவிட்டால் இறால் வேறு கைக்குப் போய்விடுமே! இது சுரண்டல் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் அதன் இயல்பு ஒன்றைக் கவனிக்கவேண்டும். வலையில் இறால் இல்லாத நாளில் வியாபாரிக்கும் ஒன்றும் இல்லை. கடன் கடலோடும் ஏரியோடும் சேர்ந்து ஏறி இறங்குகிறது.

ஏறி இறங்கும் வருமானத்தை ஊரே பங்கிட்டுக்கொள்வதற்கு இக்கரையில் ஓர் ஏற்பாடு உண்டு. அதன் பெயர் பாடு. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் ஆகிய மூன்று ஊர்ப் பட்டினவர்களும் முகத்துவாரத்தை அடுத்த, இறால் மிகுந்த நீர்ப்பகுதிகளில் சுத்து வலை கட்டும் உரிமையை முறை வைத்துப் பகிர்ந்துகொள்கிறார்கள். எந்த நாளில் எந்த இடம் யாருக்கு என்பது சீட்டில் முடிவாகும். இன்று நல்ல இடம் கிடைத்தவர்க்கு நாளை கிடைக்காது. ஆனால் சுற்று முடிவதற்குள் எல்லோர்க்கும் கிடைத்துவிடும். தமிழில் பாடு என்பதற்கு உழைப்பு, துன்பம், இடம், பெருமை எனப் பல பொருள்கள். இம்மீனவர் வழக்கில் அது முறை என்னும் பொருளைப் பெற்றிருக்கிறது. அகராதிகள் இதைச் சரியாகப் பதிவு செய்யவேண்டும் என்பது தமிழாசிரியர் என்ற முறையில் நம் வேண்டுகோள்.

பாட்டு முறையை வானளாவப் புகழ வேண்டியதில்லை. மூன்று ஊரைச் சேராதவர்க்கும், அச்சாதியைச் சேராதவர்க்கும் அதில் இடமில்லை. அதனால் ஏரியில் பூசல்களும் உண்டு. எனினும் வருமானம் நாள்தோறும் ஒரே அளவில் வராது என்ற உண்மையை ஒப்புக்கொண்டு அமைக்கப்பட்ட ஏற்பாடு அது.

இனி மூன்றாம் வேடத்துக்கு வருவோம். அதற்குமுன், படிப்புக்கும் கடனுக்கும் உள்ள பழைய உறவைச் சற்றே திரும்பிப் பார்ப்பது நல்லது.

கடன் என்ற தமிழ்ச் சொல்லுக்கு முதற்பொருள் கடமை என்பது நாம் அறிந்ததே. புறநானூற்றின் 312ஆம் பாடலில் பொன்முடியார் தாய், தந்தை, கொல்லன், வேந்தன் என ஒவ்வொருவர்க்கும் உரிய கடனை அடுக்குகிறார். அதில் தந்தைக்கு வைக்கப்பட்டது மகனை அறிவும் பண்பும் உடையவனாக்கும் பொறுப்பு. பணத்தைக் குறிக்கும் கடன் இதன் கிளைதான். (கடன்பட்டவர் நெஞ்சத்தை இலங்கை வேந்தனின் கலக்கத்தோடு சேர்த்துப் பேசும் புகழ்பெற்ற அடியை எல்லோரும் கம்பர் தலையில் ஏற்றுகிறார்கள், கம்பராமாயணத்தில் அது இல்லை.)

சோழர் கல்வெட்டுகளில் கல்விக்கும் கடனுக்கும் உள்ள உறவு தலைகீழாக இருப்பதைக் காண்கிறோம். அங்கே மாணவர் கடனாளி அல்லர். முதலாம் இராசேந்திரன் காலத்து எண்ணாயிரம் கல்வெட்டு 340 மாணவர்க்கும் 14 ஆசிரியர்க்கும் ஏற்பாடு சொல்கிறது. அவர்களுள் 270 பேர் இளையோர், 70 பேர் மேற்படிப்பினர். இளையோர்க்கு நாளொன்றுக்கு 6 நாழி நெல், மேற்படிப்பினர்க்கு 10 நாழி. இதற்காக நிலம் விடப்பட்டது. பிற ஊர்களில் நிலத்துக்குப் பதிலாகப் பொன்னோ காசோ முதலாக வைக்கப்படுவதும் உண்டு. அந்த முதலைக் கடனாகப் பெறுவது ஊர்ச்சபை. ஆண்டுதோறும் பொலிசை செலுத்துவதும் சபையே. விளக்கெரிப்பதும் உணவிடுவதும் அந்தப் பொலிசையிலிருந்துதான். தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டுகளில் காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு பொலிசை, அதாவது 12.5 விழுக்காடு. 2000களில் நம் வங்கிகள் கல்விக் கடனுக்கு வாங்கிய வட்டியும் ஏறத்தாழ இதுவே என்பது வியப்பைத் தருகிறது! வட்டி ஒன்றுதான், கட்டுபவர்தாம் மாறிவிட்டார்கள்.

எண்ணாயிரத்தில் படித்தவர்கள் வேதமும் இலக்கணமும் மீமாம்சையும் பயின்றவர்கள். நெய்தல் நிலத்துப் பிள்ளைக்கு அந்தத் திண்ணையில் இடமிருந்திராது. பொற்காலம் என்று பெருமூச்சு விடுபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். படிப்பதற்குக் கடன் கிடைக்கும் என்ற நிலை வருவதற்கே படிப்பதற்கு உரிமை கிடைக்கவேண்டும். அது மிக அண்மையில்தான் கிடைத்தது.

உரிமை கிடைக்கத் தொடங்கிய காலத்தில் கடன் எவ்வடிவில் வந்தது என்பதற்கு அம்பேத்கரின் வாழ்க்கை சான்று. 1913இல் பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் அவரைக் கொலம்பியாப் பல்கலைக்கழகத்துக்கு மாதம் 11.50 பவுண்டு உதவித்தொகையில் அனுப்பினார். திரும்பி வந்து 10 ஆண்டுகள் சமஸ்தானத்தில் பணியாற்றவேண்டும் என்று பத்திரம் எழுதப்பட்டது. பணமாக அன்றிப் பணியாகத் திருப்பித் தரும் கடன்! 1917இல் பரோடாவுக்கு அவர் பணியாற்றவே சென்றார். தங்க இடம் தர அந்நகரம் மறுத்தது. அலுவலகத்தில் கோப்புகளைத் தூரத்திலிருந்து எறிந்தார்கள். அவர் வெளியேறினார். கடனைத் தீர்க்கும் வழியை அடைத்தவர்கள் யார் என்பதை எந்தப் பத்திரமும் எழுதுவதில்லை. பின்னர் 1920இல் இலண்டனில் விட்ட படிப்பைத் தொடர அவர் புறப்பட்டபோது, தம் சேமிப்போடு கோல்காப்பூர் ஷாகு மகாராஜாவின் உதவியும், நண்பர் நவல் பதேனாவிடம் வாங்கிய 5,000 ரூபாய்க் கடனும் துணை நின்றன.

பணியாகத் திருப்பித் தரலாம் என்ற இந்தக் கருத்து விடுதலைக்குப் பின் அரசுத் திட்டமாகவே வந்தது என்பது இன்று பலர்க்குத் தெரியாது. 1963-64இல் நடுவண் அரசு தேசியக் கடன் உதவித்தொகைத் திட்டத்தைத் தொடங்கியது. மதிப்பெண்ணும் வறுமையும் ஒருங்கே உள்ள மாணவர்க்கு வட்டியில்லாக் கடன். படித்து முடித்து வருவாய் ஈட்டத் தொடங்கிய பிறகு சிறு தவணைகளில் திருப்பித் தரலாம். ஆசிரியப் பணியில் சேர்ந்தவர்க்கு ஒவ்வோர் ஆண்டுப் பணிக்கும் கடனில் பத்தில் ஒரு பங்கு கழிக்கப்படும். பத்தாண்டு வகுப்பறையில் நின்றால் கடன் கரைந்துவிடும்! அமெரிக்காவில் 1958ஆம் ஆண்டின் தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம் ஆசிரியர்க்குக் கடனில் பாதிவரை இவ்வாறு கழித்தது. நம் திட்டம் அதையும் தாண்டிச் சென்றது. நமக்குக் கற்பித்த தலைமுறையில் இப்படிக் கடனைக் கரைத்தவர்கள் இருந்தார்கள்.

திட்டம் ஏன் நிற்கவில்லை? திரும்பி வந்த தொகை மிகக் குறைவு. கடன் கொடுத்தது அரசு. வசூலிக்கவேண்டியவர்கள் மாநில அலுவலர்கள். கடனாளியோ பட்டம் பெற்று வேறு ஊர், வேறு மாநிலம் சென்றுவிட்டவர். முகவரி தேடுவதற்கு ஆகும் செலவு தவணையைவிட மிகுதி. 1990களின் தொடக்கத்தில் அது ஓசையின்றி முடிந்தது. இதை மக்களின் நேர்மையின்மைக்குச் சான்றாகக் காட்டுவோர் உண்டு. நம் கருத்தில் அது கணக்கெழுதும் முறையின் தோல்வி. ஆஸ்திரேலியா 1989இல் இதே சிக்கலுக்கு வேறு விடை கண்டது: படித்தவரின் வருமானம் ஒரு வரம்பைத் தாண்டிய பின்னரே, வருமான வரியோடு சேர்த்துக் கடன் பிடிக்கப்படும், தாண்டாத ஆண்டில் தவணை இல்லை. கோட்டைக்குப்பத்து மீனவரிடம் இதைச் சொன்னால் உடனே புரிந்துகொள்வார். அது பாடு போன்றதுதானே!

தமிழ்நாட்டில் இதற்கிடையில் இன்னொன்று நடந்திருந்தது. 1980களின் நடுவில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள் தொடங்கின. 1990களிலும் 2000களிலும் பெருகின. அரசுக் கலைக்கல்லூரியில் கட்டணம் சில நூறு. சுயநிதிக் கல்லூரியில் பல ஆயிரம். பொன்னேரி உலகநாத நாராயணசாமி அரசு கல்லூரிக்குப் பேருந்தில் சென்று வந்து பி.ஏ., பி.எஸ்சி. படித்துவிடலாம், அதற்குக் கடன் வேண்டாம். ஆனால் ஏரியை விட்டு வெளியேறும் வழி பொறியியல்தான் என்று ஊர் முழுவதும் நம்பிய காலம் அது. ஒருபுறம் எண்ணூர்த் துறைமுகம் 2001இலும் காட்டுப்பள்ளித் துறைமுகம் 2012இலும் வந்தன. 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை வந்தது. முகத்துவாரம் தூர்ந்து அடைபடும் ஆண்டுகளில் இறால் வரத்தும் குறைந்தது. பிள்ளையாவது கரையேறட்டும் என்று ஒரு தந்தை நினைத்ததில் பிழை காண முடியுமா?

2001இல் இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டம் நடைமுறைக்கு வந்தது. உள்நாட்டுப் படிப்புக்கு 7.5 இலட்சம் வரை. 4 இலட்சம் வரை பிணையம் வேண்டியிருக்கவில்லை. நிலமோ நகையோ இல்லாத குடும்பத்துக்கு இது பெரிய கதவு என்பதை மறுக்க முடியாது. ஆனால் பெற்றோர் உடன் கடனாளியாகக் கையொப்பமிடவேண்டும். படிப்பு முடிந்து ஓராண்டு, அல்லது வேலை கிடைத்து ஆறு மாதம், இவற்றுள் எது முந்தியதோ அதிலிருந்து அப்போது தவணை தொடங்கியது. 5 முதல் 7 ஆண்டுகளுக்குள் முடியவேண்டியிருந்தது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஆண்டுக்கு 1 இலட்சமாக நான்காண்டுக்கு 4 இலட்சம். வட்டி 12 விழுக்காடு. படிக்கும் காலத்துக்கும் அதன்பின் ஓராண்டுக்கும் தனிவட்டி மட்டும் 1,68,000. தவணை தொடங்கும் நாளில் கடன் 5,68,000. ஏழாண்டில் அடைக்க மாதம் ஏறத்தாழ 10,000 ரூபாய். 2010களில் சாதாரணப் பொறியியல் பட்டதாரி பலர்க்குத் தொடக்கச் சம்பளமே 10,000 முதல் 15,000 வரைதான். சென்னையில் அறை வாடகையும் சாப்பாடும் போக என்ன மிஞ்சும்?

2009இல் நடுவண் அரசு வட்டி மானியம் அறிவித்தது. ஆண்டு வருமானம் 4.5 இலட்சத்துக்கு உட்பட்ட குடும்பங்களுக்குப் படிப்புக்காலத்து வட்டியை அரசே ஏற்கும். நம் கணக்கில் தவணை 7,000க்கு இறங்கும். ஆனால் அது தொழிற்கல்வி, தொழில்நுட்பக் கல்விக்கு மட்டும். தமிழ் இலக்கியம் படிப்பவர்க்கு இல்லை! (இலக்கியம் படிப்பவர் கடனே வாங்கமாட்டார் என்று கருதினார்கள் போலும்.) முதல் தலைமுறைப் பட்டதாரிக்குத் தொழிற்கல்வியில் கல்விக் கட்டணத்தைத் தமிழக அரசு ஏற்கத் தொடங்கியது 2010-11இல். அதற்குமுன் சேர்ந்தவர்கள் இரண்டு திட்டங்களுக்கும் இடையில் அகப்பட்டுக்கொண்ட அணி. பின்னர்த் திருப்பிச் செலுத்தும் காலம் 15 ஆண்டுகளாக நீட்டிக்கப்பட்டது. அதே வட்டியில் அதே 5,68,000க்குத் தவணை 6,800 ஆகக் குறையும். ஆனால் மொத்தம் கட்டுவது 12 இலட்சத்தைத் தாண்டும். இருபத்திரண்டில் பட்டம் பெற்றவர் முப்பத்தெட்டில் கடனை முடிப்பார். அப்போது அவர் பிள்ளை பள்ளியில் இருக்கும்.

ஏரிக்கரைக் குடும்பத்தின் சிக்கல் தொகை மட்டுமன்று. மாதத் தவணை என்பது மாதச் சம்பளக்காரர்க்காகச் செய்யப்பட்டது. மகனுக்கு வேலை போன மாதத்தில் தவணையைத் தந்தை கட்டவேண்டும். தந்தையின் வருமானமோ பாட்டு முறையில், இறால் பருவத்தில் வருவது. மழைக்குப் பின் மூன்று மாதத் தவணையை ஒருங்கே கட்ட முடிந்தவர், கோடையில் ஒன்றையும் கட்ட முடியாதவராக இருப்பார். வங்கியின் கணக்கில் 90 நாள் தவறினால் அது வாராக் கடன். கடன் தகவல் நிறுவனத்தின் பதிவேட்டில் பெயர் ஏறிவிடும். பிறகு படகுக்கோ வீட்டுக்கோ கடன் கேட்டால் அந்தப் பெயர் முன்னே வந்து நிற்கும். அப்போது தந்தை எங்கே போவார்? இறால் வியாபாரியிடம்தான். மூன்றாம் வேடத்துக் கடனை அடைக்க இரண்டாம் வேடத்துக் கடன்.

நம்மிடம் தமிழ் இளங்கலை படித்த மாணவர் ஒருவர் அந்தப் பகுதி ஏரிக்குப்பத்தவர். பன்னிரண்டாம் வகுப்பில் கணிதத்தில் நல்ல மதிப்பெண். ஏன் பொறியியலுக்குப் போகவில்லை என்று கேட்டோம். அண்ணன் கடன் இன்னும் இருக்கிறது ஐயா, அப்பா கையெழுத்து ஒன்றுதானே என்றார். அண்ணன் பட்டம் பெற்று அப்போது ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. தந்தையின் கையொப்பமும் ஊரில் பங்கிட்டுக்கொள்ளவேண்டிய ஒரு நீர்ப்பகுதிபோல, அண்ணன் முறை முடிந்தால்தான் தம்பி முறை. அந்த முறை வருவதற்குள் தம்பியின் வயது கடந்துவிட்டது. பெண்பிள்ளைகளின் நிலை இன்னும் கடினம்: மணமான பின் அக்கடன் எந்த வீட்டைச் சேர்ந்தது என்ற கேள்விக்கு நம் குடும்ப அமைப்பில் விடை இல்லை, நகையைப் போலவே அதுவும் பேச்சுவார்த்தைக்கு உள்ளாகிறது.

வாங்கிய கடனைக் கட்டவேண்டாமா என்று கேட்போர்க்கு: கட்டவேண்டும் என்பதில் அந்த ஏரிக்கரையில் யாருக்கும் மாறுபாடில்லை. கடன் இருக்கும் வீட்டுத் தலைவர் ஊர்க்கூட்டத்தில் குரல் தாழ்த்திப் பேசுவார் என்பதே சான்று. 2016இல் பாரத ஸ்டேட் வங்கியின் வாராக் கல்விக் கடன்கள் தனியார் சொத்துச் சீரமைப்பு நிறுவனத்துக்கு விற்கப்பட்டதை ஒட்டித் தமிழகத்தில் எழுந்த கொந்தளிப்பில் வெளிப்பட்டதும் இந்த மான உணர்வே. அரசு வங்கியிடம் வாங்கிய கடனுக்கு முன்பின் அறியாதவர்கள் தொலைபேசியில் அழைத்ததையே பலர் பொறுக்கவில்லை. தேர்தல் அறிக்கைகளிலும் கல்விக் கடன் தள்ளுபடி இடம்பெற்றது. தள்ளுபடியை நாம் பெரிதாகப் போற்றவில்லை. வயிற்றைக் கட்டி முடித்தவர்க்கு அது என்ன விடை சொல்லும்? 1963இன் பத்தில் ஒரு பங்குக் கழிவும், வருமானம் பார்த்துப் பிடிக்கும் ஆஸ்திரேலிய வழியும் அதைவிட நேரியவை. நம் மாநிலத்தில் அவை பேசப்படவே இல்லை என்பது நமக்கு வருத்தம்.

சோழர் காலத்துச் சபை முதலை வாங்கிக்கொண்டு சந்திரசூரியர் உள்ளவரை பொலிசை செலுத்துவதாகக் கல்லில் எழுதிக் கொடுத்தது. இன்றைய சட்டத்தில் கடனுக்கு அவ்வளவு ஆயுள் இல்லை. 1963இன் காலவரையறைச் சட்டப்படி, இத்தகைய கடனுக்கு மூன்றாண்டுக்குள் வழக்குத் தொடரவேண்டும். கடனாளி இடையில் கடனை ஒப்புக்கொண்டு எழுத்தில் தந்தால் அந்த நாளிலிருந்து மூன்றாண்டு புதிதாகத் தொடங்கும். ஆகவே காலம் முடிவதற்குள் வங்கியிலிருந்து ஒரு தாள் வருகிறது. மகன் வெளியூரில் இருந்தால் உடன் கடனாளியான தந்தையிடம் வருகிறது. கையொப்பமிட மறுக்கலாம் என்று அவருக்கு யாரும் சொல்வதில்லை. சொன்னாலும் மறுப்பார் என்று நமக்குத் தோன்றவில்லை. மக்கள் நீதிமன்றத்தில் ஒருமுறைத் தீர்வுக்கு வாய்ப்புண்டு. அதற்குக் கையில் மொத்தமாகத் தொகை வேண்டும். நம் மாணவர் வீட்டில் அந்தத் தாள் மூன்று முறை வந்திருக்கிறது. மூன்று முறையும் தந்தை தமிழில் கையொப்பமிட்டிருக்கிறார்.